ஊமைமுறை

ஐந்தாவது விண்ணப்பம் என்று சொல்லிப் பிரிவு அலுவலர் தாளை என் முன்னால் நகர்த்தி வைத்தார். தலைப்பைப் பார்த்ததும் என் இடது கன்னம் வலித்தது. அந்த இடத்தில் பல்லே கிடையாது, பிடுங்கி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, இருந்தும் வலித்தது. ஊமைமுறை: தென்மாவட்டக் கண்மாய்ப் பாசனத்தில் பெயரில்லாத பங்கு. கீழே ரெ. செண்பகவல்லி, கௌரவ விரிவுரையாளர், அருப்புக்கோட்டை, வயது நாற்பத்து நான்கு. மதியம் சாப்பிட்ட தயிர்சாதம் இன்னும் இமையில் உட்கார்ந்திருக்கிறது, ஏசி என் பிடரியையே குறிபார்த்து ஊதுகிறது, முதல் நான்கு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் இந்த ஒரு சொல்லுக்கு உடம்பு முழுக்க விழித்துக்கொண்டது. ஆராய்ச்சி கவுன்சில் வருஷாவருஷம் கொடுக்கிற தனிநபர் ஆய்வு நல்கை இது. வரலாறு, சமூகவியல், மொழி என்று ஆய்வுக்கூடம் தேவைப்படாத படிப்புக்காரர்களுக்கு இரண்டு வருஷம் நிம்மதியாக உட்கார்ந்து ஆராய ஒரு வழி. நல்கை என்ற சொல்லே எனக்குச் சிரிப்பு மூட்டும், நல்குகிறவன் என்றால் ஏதோ மன்னன் மாதிரி, இங்கே நல்குவது யார், காதில் முடி முளைத்த நானும், எதிரே பத்மாசனி மேடமும், பக்கத்தில் ஜோதிராமலிங்கமும். மேடம் தலைவர், வரலாற்றுக்காரி, கண்டிப்பான ஆள். ஜோதிராமலிங்கம் பொருளாதாரம், எண் இல்லாத தாளைக் கையால் தொட மாட்டான், என்னை அண்ணாச்சி என்பான். நான் கோமதிநாயகம், நாட்டார் வழக்காற்றியல், ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம், வல்லுநர் உறுப்பினர் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள், வல்லுநர் என்பதில் ஒற்றுப்பிழைகூட இல்லை. மிச்சம் ஒரே ஒரு இடம். வயது வரம்பு நாற்பத்தைந்து, இவளுக்கு வருகிற ஆடியோடு அது தாண்டிவிடும், மூன்று தடவை விண்ணப்பித்து மூன்று தடவையும் கிடைக்காமல் போனவள், என்று பிரிவு அலுவலர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று சொல்வதைப் போல. அப்புறம் கதவு திறந்தது, உள்ளே வந்தாள், ஒரு கையில் பென்டிரைவ், இன்னொரு கையில் சான்றிதழ் ஃபைல், வணக்கம் சொல்ல இரண்டு கையும் சேராமல் தலையை மட்டும் தாழ்த்தினாள்.

திரையில் ஒரு மடை. கருங்கல் தூண் இரண்டு, நடுவே பலகை, பக்கத்தில் வரட்டி காய்கிறது. இது நெடுங்கரைக்குளம் சார், முதுகுளத்தூர் பக்கம், என்கிறாள். ஓ, இப்படித்தான் இருக்குமா. நாற்பது வருஷமாக என் தலைக்குள் இருந்த நெடுங்கரைக்குளத்தில் மடை கிழக்கே பார்த்திருந்தது, ஒரு அரசமரம் இருந்தது, இங்கே மரமே இல்லை, கருவேலம்தான். நான் போனதில்லை. இதுதான் விஷயம், இதை இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், நான் போனதில்லை. எண்பத்து நாலில் பாசன வழக்கங்கள் கணக்கெடுப்பு என்று ஒன்று நடந்தது, எனக்கு முப்பத்திரண்டு வயது, கள ஆய்வாளர் வேலை, தோளில் ஜோல்னாப்பை, பையில் படிவம். நெடுங்கரைக்குளத்துக்குப் போக வேண்டிய காலையில் கடைவாய்ப்பல் வீங்கிக் கன்னம் பலாக்கொட்டையை அடக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது, வாயைத் திறந்தால் உயிர் போகிறது. பேச முடியாதவன் போய் யாரை என்ன கேட்பது. பார்த்திபனூர் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன், கிராம்பைக் கடித்துக்கொண்டு, அடுத்த ஊர்ப் படிவங்களைப் பார்த்து இந்த ஊர்ப் படிவத்தை நிரப்பினேன், எத்தனை வீடு, எத்தனை ஏக்கர், எந்த மாதம் தண்ணீர் திறப்பு, எல்லாம் பக்கத்து ஊர்தானே, பெரிசாக என்ன மாறிவிடும். பதினேழாவது கட்டம் வந்தது. வேறு வழக்கங்கள் இருப்பின் விவரிக்க. அதைக் காலியாக விடலாம், ஆனால் எங்கள் கண்காணிப்பாளர் சந்தனராஜ் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவத்தை முகத்தில் விட்டெறிவார், காலியா இருந்தா நீ ஊருக்குள்ளயே போகலைன்னு அர்த்தம்லே, என்பார். போனவர்கள் சிலபேர் காலியாக விட்டார்கள், திட்டு வாங்கினார்கள். போகாத நான் நிரப்பினேன். நாலு வரி. எல்லா வீட்டுக்கும் முறைத் தண்ணீர் பாய்ந்து முடிந்தபின் ஒரு நாழிகை நேரம் மடை அடைக்கப்படுவதில்லை. அந்தத் தண்ணீர் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. அந்நேரத்தில் மடையருகே எவரும் பேசுவதுமில்லை. இதற்கு ஊமைமுறை என்று பெயர். ஊமை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இவள் இரண்டு வருஷம் தேடப்போகிறாள், சொற்பிறப்பு என்று ஒரு தனி இயலே போட்டிருக்கிறாள், என் கன்னத்திலிருந்து வந்தது அம்மா அது, வாய் திறக்க முடியாத ஒருத்தன் பேனாவைத் திறந்தான், அவ்வளவுதான் சொற்பிறப்பு.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், என்கிறாள் செண்பகவல்லி, எண்பத்து நாலு கணக்கெடுப்பு அறிக்கையின் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இந்த வழக்கத்துக்கு எழுத்துச் சான்று இருக்கிறது. மட்டும்தான் என்பதை அழுத்திச் சொல்கிறாள், அவள் விண்ணப்பத்தின் பலமே அந்த மட்டும்தான். எனக்கு அந்தப் பக்கத்தின் ஜாதகமே தெரியும். அச்சான இரண்டாவது வருஷம் டெல்லிக்காரர் ஒருவர் அதை மேற்கோள் காட்டினார், சந்தைக்கு முந்தைய ஈகை என்றார். புனேயில் ஒருத்தர் இது நிலக்கிழார்களின் தந்திரம் என்று எழுதி அதிலேயே டாக்டர் ஆனார். கணவனை இழந்த பெண்களுக்கான மறைமுகப் பங்கு என்று ஒரு அம்மையார். ஒரு கருத்தரங்கில் இது சமண எச்சமா அதற்கும் முந்தியதா என்று இரண்டு பெரியவர்கள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள், அந்த அமர்வுக்கு நான்தான் தலைமை, சாம்பார் வடை ஆறிப்போகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சிரிப்போடு சிரிப்பாகப் போயிருக்கும். அப்போது சொல்லாததற்கு வெட்கம் காரணமில்லை, சத்தியமாக இல்லை, இரண்டு பேரும் அத்தனை அழகாகப் பேசினார்கள், என் நாலு வரியில் இத்தனை இருக்கிறதா என்று எனக்கே ஒரு கிறுகிறுப்பு. பொய் என்றால் எனக்கு என்ன புதுசா. மானாமதுரை ஸ்டேஷனில் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை ஒரு ஆடு தின்றுவிட்டது, நான் அந்த ஆட்டையே பிடித்துக்கொண்டுபோய் வாய்மொழித் தேர்வில் நிறுத்தினேன், தேர்வாளர் மூன்றாம் அத்தியாயத்தில் கேள்வி கேட்கக் கேட்க அது தலையை ஆட்டியது, எனக்கு முன்னால் அதற்குப் பட்டம் கொடுத்துவிடப் பார்த்தார்கள், என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். இன்று காலையில்கூட ஜோதிராமலிங்கம், அந்த ஆடு ரிடயர்ட் ஆயிடுச்சா அண்ணாச்சி, பென்ஷன் ஒழுங்கா வருதா, என்று கேட்டான். அது வேறு. கதை சொல்லும்போது எதிராளியின் முகத்தைப் பார்ப்பேன், நான் அளப்பது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த ஆட்டை மேய்க்கிறோம். படிவத்துக்கு முகம் இல்லை. அந்த நாலு வரியை எவனும் என்னோடு சேர்ந்து மேய்க்கவில்லை, அது தனியாகப் போய்விட்டது, தொலைந்துபோகும் என்று பார்த்தால் இப்படிப் பென்டிரைவில் ஏறி எதிரே வந்து நிற்கிறது.

மரகதத்திடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். என் மனைவி, போய் ஆறு வருஷம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கால் விரலுக்கு நகம் வெட்டிவிடும்போது சொன்னேன், சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை. ஒருநாள் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்களேன், என்றாள். பார்த்துட்டு, என்ன செய்ய. இருக்கிறதா இல்லையான்னு பார்க்கத்தான், என்றாள். மதுரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அங்கிருந்து இரண்டு மணி நேரம் இருக்குமா, பஸ்ஸில் ஏறினால் போயிற்று. ஏறவில்லை. இல்லை என்று தெரிந்தால் நான் பொய்யன், அது தெரிந்ததுதான், அதில் பயமில்லை. இருக்கிறது என்று தெரிந்தால். அதை நினைத்தால்தான் பயம், நான் பார்க்காததை நான் எழுதி அது அங்கே இருந்தால் நான் யார், அப்போது நான் பொய்யன்கூட இல்லை. எதிரே செண்பகவல்லி என்ன சொல்கிறாள், கவனி, கிழவா, கவனி. பதினோரு தடவை போயிருக்கிறாளாம். கல்லூரியில் மணிக்கணக்குக்குத்தான் சம்பளம், போகிற நாளெல்லாம் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லையென்றால் சம்பளம் இல்லை, அதை அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். காலில் வார் தைத்த செருப்பு. ஊமைமுறை என்ற சொல்லை அந்த ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை சார், என்று அவள் சொன்னபோது என் மூச்சு கொஞ்சம் இறங்கியது, தப்பித்தோம் என்றா, தோற்றோம் என்றா, தெரியவில்லை. ஆனா கடைசி முறை முடிஞ்சதும் மடையை அடைக்கலை. மூணு தை மாசம் பக்கத்துல நின்னு பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே விடறாங்க. ஏன்னு கேட்டா யாரும் பதில் சொல்லலை. தண்ணி திறந்துவிடற நீர்பாய்ச்சி தலையைத் திருப்பிக்கிட்டார். ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுத் தள்ளிக் கூட்டிட்டுப் போயி, வாம்மா காப்பி சாப்பிடலாம்னாங்க.

பலகை உளுத்துப்போயிருக்கும், அடைக்க நேரம் ஆகியிருக்கும், என்றான் ஜோதிராமலிங்கம். நானும் அதைத்தான் நினைத்தேன், நினைக்க விரும்பினேன். பலகை வாகை மரம் சார், போன வருஷம் மாத்தினது, என்றாள். யாரும் சொல்லாத ஒண்ணை வச்சு ரெண்டு வருஷம் என்னம்மா பண்ணுவீங்க, எத்தனை பேர் பதில் சொன்னாங்கன்னு போடணுமே, பூஜ்யம்னா போடுவீங்க, என்றான் ஜோதிராமலிங்கம். பதில் சொல்லாதவங்க முப்பத்தாறு பேர்னு போடுவேன் சார், என்றாள். மேடம் மூக்குக் கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டார். ஜோதிராமலிங்கம் சிரிக்கவில்லை, தாளில் ஐம்பத்தெட்டு போட்டான், எனக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி. மேடம் எண்பத்திரண்டு. மூன்று பேர் மதிப்பெண்ணின் சராசரி எழுபத்தைந்தைத் தொட்டால்தான் நல்கை, அவளுக்கு முந்தி வந்த நாலு பேரில் எவரும் தொடவில்லை, பின்னால் இன்னும் ஒருவர்தான். நான் தொண்ணூறு போட்டால் அவள் தேறுவாள். நான் இந்த நாற்காலியில் இல்லாமல், இவர்கள் இருவர் மட்டும் என்றால் எழுபதில் நிற்பாள். வாயை மூடிக்கொண்டு தொண்ணூறு போடு கோமதிநாயகம், உனக்குத்தான் வாயை மூடிக்கொண்டு எழுதுவது நன்றாக வருமே. போட்டால், இரண்டு வருஷம் என் கன்ன வீக்கத்துக்குப் பின்னால் ஒரு பெண் அலைவாள், அவளுடைய கடைசி இரண்டு வருஷம், அதன் முடிவில் எவனாவது ஒருத்தன் பழைய படிவத்தைத் தோண்டி எடுத்து அதில் பார்த்திபனூர் டீக்கறை இருப்பதைக் காட்டிச் சிரிப்பான், அவளைப் பார்த்துச் சிரிப்பான், நான் அப்போது இருக்க மாட்டேன், இதிலும் நான் தப்பித்துக்கொள்வேன். சொல்லிவிட்டால், இப்போதே போகும். எதுவானாலும் போவது அவளுடையதுதான், என்னுடையது ஒன்றும் இல்லை, இது என்ன நியாயம். சார் ஏதாவது கேட்கணுமா, என்று மேடம் என் பக்கம் திரும்பினார், இது உங்க துறையாச்சே. பேனாவைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்து சொன்னேன்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எழுதினது நான்தாம்மா. எனக்குப் பல் வலி. நான் அந்த ஊருக்குப் போகலை. டீக்கடையில உட்கார்ந்து கட்டத்தை நிரப்பினேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

முதலில் ஜோதிராமலிங்கம்தான் சிரித்தான், மேசையைத் தட்டிச் சிரித்தான். பிறகு மேடம், அவர் சிரித்து நான் இதுவரை சத்தம் கேட்டதில்லை. பிரிவு அலுவலர்கூடக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீக்கடைக்கு ஆடும் வந்துச்சா அண்ணாச்சி, என்றான் ஜோதிராமலிங்கம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சார், உங்க கதையை நாலு மணி காப்பிக்கு வச்சுக்கலாம், பாவம் அந்தப் பொண்ணு பயந்துடப் போறா, என்றார் மேடம். நான் அவர்களைப் பார்க்கவில்லை. ஆயுளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை நடந்தது நடந்தபடி சொல்லியிருக்கிறேன், அது இந்த மேசையில் நான் சொன்னதிலேயே மிகப்பெரிய அளப்பாகப் போய் விழுந்திருக்கிறது, அவர்கள் மேல் என்ன தப்பு, முப்பது வருஷம் நான் பழக்கிய காதுகள். செண்பகவல்லி மட்டும் சிரிக்கவில்லை. பென்டிரைவ் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், அவள் நம்பிவிட்டாள், நம்பக்கூடாத ஒரே ஆள் நம்பிவிட்டாள். நீங்க ஊருக்குப் போகவே இல்லையா சார், என்று கேட்டாள். குரல் உடையவில்லை, வகுப்பில் பின்வரிசைப் பையனைக் கேட்கிற குரல். போகலைம்மா. அப்ப இல்லைன்னு எப்படி சார் சொல்றீங்க, என்றாள். போகாம இருக்குன்னு எழுதினது தப்புன்னா, போகாம இல்லைன்னு சொல்றதும் அதேதானே சார். நான் போனேன். மடையை அடைக்கலை.

அவள் சொன்னது சரி. எழுபத்து மூன்று வயதில் ஒருத்தியிடம் திருத்தம் வாங்குவது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, குளிர்ச்சியாக இருந்தது, ஏசியோ என்னவோ. உன் தலைப்பில் அந்தச் சொல்லை என்ன செய்வாய் என்று கேட்க நினைத்தேன், அவள் முந்திக்கொண்டாள், மேடத்தைப் பார்த்துச் சொன்னாள், சார் சொன்னது கதையா இருந்தாலும் நிஜமா இருந்தாலும் நான் மறுபடி போய்த்தான் பார்க்கணும் மேடம், தலைப்பை மாத்திக்க அனுமதி வேணும், அவ்வளவுதான். ஃபைலை எடுத்தாள். கதவருகே திரும்பி எனக்கும் தலை குனிந்துவிட்டுப் போனாள், அதை நான் வாங்கிக்கொள்ளத் தகுந்தவனா என்று யோசிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. நான் பேனாவை எடுத்தேன். தொண்ணூறு. அதன் கீழே குறிப்பு என்று இருக்கிற இடத்தில் எழுதினேன்: இப்பொருளுக்கான ஒரே எழுத்துச் சான்று 1984இல் கள ஆய்வுக்குச் செல்லாமல் என்னால் கற்பனையாக எழுதப்பட்டது. விண்ணப்பதாரர் சென்று பார்த்திருக்கிறார். எழுதினதும் நெஞ்சு லேசானது, அந்த லேசைக் கண்டதும்தான் பயந்தேன். தாளை வாங்கிய மேடம் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. வாயால் சொன்னால் கதை, தாளில் எழுதினால் சான்று, வரலாற்றுக்காரிக்கு அப்படித்தான். இது நிஜமா சார், என்றார். நிஜம்மா. தாளை இன்னொரு தடவை படித்தார். இது இருந்தா நீங்க சம்பந்தப்பட்டவர்னு ஆயிடும், சம்பந்தப்பட்டவர் மார்க் போட முடியாது, நாங்க ரெண்டு பேர் போட்டதுதான் நிக்கும். குறிப்பா மார்க்கான்னு நீங்களே சொல்லுங்க. ஜோதிராமலிங்கம் ஜன்னலைப் பார்த்தான். அவனும் இப்போது நம்பிவிட்டான், அண்ணாச்சி என்று கூப்பிட வாய் வரவில்லை அவனுக்கு.

குறிப்பு என்றால் நான் சுத்தமாக வீட்டுக்குப் போகலாம். மரகதத்தின் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன்டி என்று சொல்லலாம், நன்றாகத் தூங்கலாம், செண்பகவல்லியின் முதுகில் ஏறி நான் கரை சேர்ந்தாயிற்று, அவள் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு போவாள், ஆடியில் நாற்பத்தைந்து முடியும். எத்தனை சுத்தம் எனக்கு வேண்டும், இந்த வயதில். அவளிடம் சொல்லிவிட்டேன், முகத்தைப் பார்த்துச் சொன்னேன், அவள் தெரிந்துகொண்டே போகப்போகிறாள், அப்படியானால் இந்தத் தாளில் இருக்கிற இரண்டு வரி யாருக்கு, எனக்கு, எனக்கு மட்டும். சம்பந்தப்பட்டவன் மார்க் போடக்கூடாது என்பது சரியான விதிதான், அதையும் ஒன்று மீறுகிறேன், மீறுகிறேன் என்று தெரிந்தே மீறுகிறேன், டீக்கடையில் அப்படிக்கூட இல்லை. தாளை வாங்கி அந்த இரண்டு வரியையும் கிறுக்கி அடிக்கப் போனேன். பிரிவு அலுவலர் பதறி என் கையைப் பிடித்தார். அப்படி அடிக்கக்கூடாது சார், தணிக்கையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒரே கோடுதான் போடணும், அடியில் இருக்கிற எழுத்து படிக்கிற மாதிரி இருக்கணும், பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும், என்றார். மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்கேல் வைத்து, நிதானமாக, ஒரு வரிக்கு ஒரு கோடு, இரண்டு கோடு போட்டேன். பக்கத்தில் கோ.நா. என்று எழுதித் தேதி போட்டேன். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. பிரிவு அலுவலர் தாளை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியா இருக்கு சார், என்று சொல்லி உறையில் போட்டு ஒட்டினார்.